பிற்கால ரோமத் தங்கக் காசு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாணயக் கண்காட்சிகளில் என் மேசை மேல் ஒரு சின்னத் தட்டில் ஹொனோரியஸ் என்ற ரோமப் பேரரசர் காலத்துத் தங்கக் காசு ஒன்று இருக்கும். விற்பனைக்கு இல்லை, பார்க்க மட்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பிற்கால ரோமக் காசு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஜூலியஸ் சீசர் காலத்துக் காசும் அதில் வருமா?

வராது. சீசர், அகஸ்டஸ் காலத்துத் தங்கக் காசுக்கு 'அவுரியஸ்' என்று பெயர். ஏறக்குறைய 8 கிராம் எடை. பின்னால் வந்தவர்கள் கஜானா காலியாகும்போதெல்லாம் எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோம பவுண்டு தங்கத்தில் சுமார் 40 காசு. நீரோ 45 ஆக்கினார், காரகல்லா 50. மூன்றாம் நூற்றாண்டுக் குழப்பத்தில் எடைக்கு ஒழுங்கே இல்லாமல் போனது. டயோக்ளீஷியன் வந்து 60 என்று நிறுத்தப் பார்த்தார்.

309, 310 வாக்கில் பேரரசர் கான்ஸ்டன்டைன், இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ட்ரியர் நகரத்தில், பவுண்டுக்கு 72 என்ற கணக்கில் புதுக் காசு அடித்தார். அதுதான் சாலிடஸ். 324 இல் போட்டிப் பேரரசர் லிசினியஸைத் தோற்கடித்த பிறகு பேரரசு முழுக்க அதுவே நிலைத்தது. சாலிடஸ், அதில் பாதியான செமிஸிஸ், மூன்றில் ஒன்றான ட்ரெமிஸிஸ், இந்த மூன்றையும்தான் நாங்கள் பிற்கால ரோமத் தங்கம் என்கிறோம். காலம், கான்ஸ்டன்டைன் முதல் ஐந்தாம் நூற்றாண்டின் முடிவு வரை. அதற்குப் பிறகு கிழக்கு ரோமப் பேரரசு அடித்ததைப் பைசாந்தியக் காசு என்று தனி அலமாரியில் வைப்பது வழக்கம். அந்தக் கோடு கொஞ்சம் செயற்கையானதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எடை எவ்வளவு? நமக்குப் புரிகிற மாதிரி பவுன் கணக்கில் சொல்லுங்களேன்.

அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட. நம் பவுன் 8 கிராம். சாலிடஸ் கணக்குப்படி 4.5 கிராம், இன்று கைக்கு வருவது பெரும்பாலும் 4.3 முதல் 4.5 வரை. அகலம் இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு அளவு. ட்ரெமிஸிஸ் ஒன்றரை கிராம், சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும்.

பவுன் என்ற சொல்லே 'பவுண்டு' வழியாக நம்மிடம் வந்தது. அந்தப் பவுண்டுக்கு மூலம், எடை என்று பொருள்படும் லத்தீன் சொல். ஷில்லிங்குக்கு ஆங்கிலேயர் போட்ட 'எஸ்' அடையாளம் ஷில்லிங்கின் முதலெழுத்து இல்லை, சாலிடஸின் முதலெழுத்து. படைவீரரைக் குறிக்கும் 'சோல்ஜர்' கூட சாலிடஸ் சம்பளம் வாங்கியவர் என்பதிலிருந்து வந்த சொல்தான். நம் ஆசாரிகள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி அவர்கள் கேரோப் மர விதையை வைத்து நிறுத்தார்கள். ஒரு சாலிடஸுக்கு 24 விதை. நகைக்கடையில் நாம் கேட்கும் 24 காரட் இங்கே தொடங்கியதுதான்.

அந்தக் காலத்தில் இந்த ஒரு காசை வைத்து என்ன வாங்கியிருக்கலாம்?

445 ஆம் ஆண்டு வாக்கில் மூன்றாம் வாலன்டினியன் போட்ட ஒரு சட்டத்தில் கணக்கு இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் படைகளுக்குத் தானியமாகக் கொடுக்க வேண்டிய வரியைப் பணமாகக் கட்டுவதற்கான விகிதம் அது. ஒரு சாலிடஸுக்கு 40 மோடியஸ் கோதுமை, அல்லது 270 பவுண்டு இறைச்சி. 40 மோடியஸ் என்றால் சுமார் 270 கிலோ. ஒரு குடும்பம் பல மாதம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அதனால் இது சந்தைக்கு எடுத்துப் போய்க் கீரை வாங்கும் காசு இல்லை. அதற்குச் செப்புச் சல்லி இருந்தது. ஒரு சாலிடஸுக்கு 7,000 சல்லிக்குக் குறைந்து மாற்றக் கூடாது என்று அதே அரசர் இன்னொரு சட்டம் போட்டார். வரி கட்ட, நிலம் வாங்க, படைக்கு இனாம் கொடுக்கத்தான் தங்கம். 360 இல் பாரிஸில் ஜூலியனை வீரர்கள் பேரரசராகத் தூக்கி நிறுத்தியபோது, தலைக்கு 5 சாலிடஸும் ஒரு பவுண்டு வெள்ளியும் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். தேர்தலுக்குப் பணம் கொடுப்பது புது வியாதி இல்லை.

காசைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

என் மேசையில் இருக்கும் அந்த ஹொனோரியஸ் காசையே எடுத்துக்கொள்வோம். முதலில் விளிம்பு. இரண்டு விரலுக்கு நடுவே ஓரத்தைப் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். முகத்தில் விரல் படக் கூடாது. விளிம்பு முழு வட்டமாக இருக்காது. சுத்தியல் அடியில் தங்கம் பிதுங்கி ஓர் இடத்தில் மெலிந்திருக்கும்.

அப்புறம் தலைப் பக்கம். முத்துக் கோத்த பட்டம் கட்டிய அரசர் வலப்பக்கம் பார்க்கிறார். சுற்றி எழுத்து: முதலில் 'டி என்', அதாவது 'நம் ஆண்டவர்'. பிறகு பெயர். கடைசியில் 'பி எஃப் அவுக்', பக்தியும் பாக்கியமும் உள்ள அகஸ்டஸ். பூப் பக்கம் திருப்பினால் அரசர் கொடி பிடித்து நிற்கிறார், உள்ளங்கையில் உருண்டை, அதன் மேல் குட்டி வெற்றித் தேவதை. அரசரின் கால் ஒரு கைதியின் மேல். கைதிக்கு முட்டி மடங்கியிருக்கிறது, முகமே இல்லை, மிளகு அளவு தங்கத் துளி. அரசருக்கு இரு பக்கமும் 'எம்', 'டி'. மெடியோலானம், இன்றைய மிலான். 402 இல் எதிரிக்குப் பயந்து அரசவை ராவென்னாவின் சதுப்பு நிலத்துக்குள் ஒளிந்துகொண்டது. அதன் பிறகு 'ஆர் வி' என்று வரும். இரண்டே எழுத்தில் ஒரு பேரரசு பின்வாங்கிய செய்தி.

எடை பார்ப்பது, விலை கேட்பது எல்லாம் இதற்குப் பிறகுதான். எழுத்தைப் படிக்காமல் காசு வாங்குகிறவர் தங்கம்தான் வாங்குகிறார். அதற்கு நகைக்கடையே மேல்.

கீழே 'சி ஓ என் ஓ பி' என்று இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிளில் அடித்தது என்றுதானே அர்த்தம்?

பாதி சரி. முதல் மூன்றெழுத்து அந்த நகரம், இன்றைய இஸ்தான்புல். 'ஓ பி' என்பது 'ஒப்ரிசியாகும்' என்ற லத்தீன் சொல்லின் சுருக்கம், புடம் போட்ட தங்கம் என்று பொருள். நம் ஊரில் பத்தரை மாற்று என்று சொல்வோமே, அந்த மாதிரி முத்திரை. 360களில் முதலாம் வாலன்டினியனும் அவர் தம்பி வாலென்ஸும் வரியாக வந்த காசை எல்லாம் உருக்கிச் சுத்தம் செய்து திரும்ப அடிக்கச் சொன்னார்கள். 368 வாக்கில் இந்த இரண்டெழுத்து காசில் ஏறியது. அதில் ஒரு நயமும் உண்டு: கிரேக்க எண் முறையில் 'ஓ' 70, 'பி' 2. பவுண்டுக்கு 72 காசு என்ற கணக்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

பேரரசின் மேற்குப் பாதியில் காசு அடித்த அக்கசாலைகளில் 'என்' இருக்கும் இடத்தில் 'எம்' போட்டு 'கோமோப்' என்று வரும். அங்கே எந்த ஊர் என்று சொல்வது மேலே பார்த்த பக்கத்து எழுத்துகள்: மிலான், ராவென்னா, 'ஆர் எம்' என்றால் ரோம். 'சி ஓ என் ஓ பி', அதாவது 'கொனோப்' இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கான்ஸ்டான்டிநோபிள் என்று எழுதாதீர்கள். தெசலோனிகாவில் அடித்ததிலும், கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் அடித்ததிலும்கூட அது வரும். ஒரு கட்டத்தில் அது ஊர்ப் பெயராக இல்லாமல், நகைக்கடையின் 916 முத்திரை போல, நல்ல தங்கம் என்ற அடையாளமாகவே ஆகிவிட்டது.

எல்லா ராஜாவுக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே. எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

மூஞ்சியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நீரோவின் கழுத்து மடிப்பு வரைக்கும் காட்டிய ரோமர்கள், இந்தக் காலத்துக்கு வரும்போது ஆளைக் காட்டுவதை விட்டுப் பதவியைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். 395 க்குப் பிறகு பேரரசின் கிழக்குப் பாதியில் எல்லாரும் ஒரே கோலம்: தலைக்கவசம், தோளில் சாய்த்த ஈட்டி, கேடயத்தில் எதிரியைக் குத்தும் குதிரை வீரன், முகம் முக்கால்வாசி நம் பக்கம். அர்க்காடியஸா, இரண்டாம் தியோடோசியஸா, லியோவா என்பதைப் பெயர்தான் சொல்லும்.

பூப் பக்கம் கொஞ்சம் உதவும். நிற்கும் வெற்றித் தேவதை நீண்ட சிலுவையைப் பிடித்திருந்தால் 420க்குப் பிறகு. அரசர் காலடியில் மனிதத் தலை கொண்ட பாம்பு கிடந்தால் பெரும்பாலும் மூன்றாம் வாலன்டினியன். தேவதை சிறகுள்ள ஆண் உருவமாக மாறி நேரே பார்த்தால் ஜஸ்டின் காலத்துக்கு வந்துவிட்டோம், ஆறாம் நூற்றாண்டு. இன்னொன்று: பூப் பக்க எழுத்தில், வெற்றி என்று பொருள்படும் 'விக்டோரியா'வுக்குப் பின் 'அவுக்' என்ற சொல்லில் மூன்று 'ஜி' இருந்தால் மூன்று பேரரசர்கள் என்று பொருள். ஆனால் பின்னாளில் அரசர் இருவரானாலும் ஒருவரானாலும் மூன்று 'ஜி' போடும் பழக்கம் நிலைத்துவிட்டது. அதை எண்ணி ஆண்டு கணக்கிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

1,500 வருஷத்துக் காசு நேற்று அடித்த மாதிரி மின்னுகிறதே. அதுவே சந்தேகம் இல்லையா?

இல்லை. செம்பு பச்சை பிடிக்கும், வெள்ளி கறுக்கும், தங்கம் அப்படியே இருக்கும். மண்ணுக்குள் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே வெளியே வரும். இந்தக் காசுகள் பல, புழங்காமலே புதைந்தவை. 2018 இல் இத்தாலியின் கோமோ நகரத்தில் ஒரு பழைய திரையரங்கை இடித்த இடத்தில், கல் சாடி ஒன்றில் சுமார் 1,000 சாலிடஸ் கிடைத்தன. ஹொனோரியஸ், மூன்றாம் வாலன்டினியன், லியோ, அந்தெமியஸ், லிபியஸ் செவெரஸ். அந்தக் குவியலின் படத்தைப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் நகைக்கடை போலிருக்கும்.

அப்போ எங்கள் தெரு பத்தரிடம் கொடுத்து உரசிப் பார்த்தால் அசலா இல்லையா தெரிந்துவிடுமே?

தயவுசெய்து உரைகல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். உரசிய இடம் உரசியதுதான். காசின் விலையில் ஒரு பங்கு அந்தக் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். அதோடு உரைகல் சொல்வது தங்கம் சுத்தமா என்பதை மட்டும். போலி செய்கிறவர் முட்டாள் இல்லை. அரைப் பவுன் சுத்தத் தங்கத்தில்தான் செய்வார். காசாக விற்றால் தங்கத்தின் விலைக்கு மேல் கிடைக்குமே.

சுத்தம் பார்க்க ஆசையாக இருந்தால், ஹால்மார்க் மையங்களில் கதிர் விட்டு அளக்கும் கருவி இருக்கிறது. காசுக்குக் காயம் படாது. 368 க்குப் பிந்தைய சாலிடஸ் 98, 99 சதவீதம் காட்ட வேண்டும். 22 காரட் அளவுக்குச் செம்பு கலந்திருந்தால் அங்கேயே கேள்வி எழுப்புங்கள். 99.99 என்று காட்டினால் அதைவிடப் பெரிய கேள்வி, ஏனென்றால் அந்த அளவுக்குச் சுத்தம் செய்யும் வேதியியல் அன்றைக்கு இல்லை.

சரி, போலியை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நிறைய அசலைப் பார்த்துத்தான். வேறு குறுக்கு வழி கிடையாது. பெரிய அருங்காட்சியகங்களின் படத் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் அரசருடைய காசு ஐம்பதையாவது பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கண் பழகிய பிறகு எழுத்தின் வெட்டு காட்டிக்கொடுக்கும். அசலில் எழுத்தின் ஓரம் கத்தியால் நறுக்கியது போல் எழுந்து நிற்கும், தங்கம் எழுத்தை நோக்கி ஓடிய கோடுகள் லென்ஸில் தெரியும். வார்த்த போலியில் எழுத்து சோப்பில் செய்தது போல் மழுங்கி இருக்கும், குழிகளில் ஊசிமுனைக் குமிழ் தெரியும், விளிம்பில் இரண்டு அச்சு சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும்.

அச்சில் அடித்த போலிதான் ஆபத்து. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்று ஒருவர் இருந்தார், 1772 இல் பிறந்து 1830 இல் இறந்தவர். பழங்காசுகளுக்குக் கையாலேயே அச்சு வெட்டி, நல்ல தங்கத்தில் அடித்தார். புதுசாகத் தெரியாமல் இருக்க, இரும்புத் தூள் போட்ட பெட்டியில் காசுகளை வைத்துக் குதிரை வண்டியின் அச்சில் கட்டி ஊர் சுற்றி வருவார். இன்று அந்தப் போலிகளையே தேடிச் சேர்க்கிறவர்கள் உண்டு. இக்காலப் போலிகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும். உங்கள் காசில் இருக்கும் சின்ன மேடும் அதே பள்ளமும் இன்னொரு ஏலத்தில் வந்த காசிலும் அச்சு அசலாக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் காலத்திலேயே செம்புக்குத் தங்கத் தகடு போர்த்தி ஏமாற்றினார்கள். அது தராசில் மாட்டிக்கொள்ளும். 363 இல் ஜூலியன் நகரத்துக்கு ஓர் எடை பார்ப்பவரை நியமிக்கச் சொன்னதே இந்த வழக்குகளைத் தீர்க்கத்தான். சாலிடஸ் எடைக்கென்று அரசர் முகம் போட்ட வெண்கலப் படிக்கற்களும் இருந்தன. அவற்றைத் தனியாகச் சேர்க்கலாம், தங்கத்தைவிட மலிவு, எனக்குக் கேட்டால் சுவாரசியமும் கூட.

ஓட்டை போட்டது, கீறல் விழுந்தது கம்மி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

தெரிந்து வாங்கினால் தப்பில்லை. தங்கக் காசைத் தாலிக்கொடியில் கோக்கிற ஊர்க்காரர்கள் நாம், நமக்கு ஓட்டை புரியாதா? தென்னிந்தியாவில் கிடைத்த சாலிடஸ்களில் அரசர் தலைக்கு மேல் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை இருப்பது வழக்கமாகப் பார்க்கிற ஒன்று. நூலில் கோத்தால் முகம் திரும்பாமல் நேரே நிற்பதற்கு. என் கண்ணுக்கு அது குறை இல்லை, காசு இங்கே வாழ்ந்த வாழ்க்கையின் தடயம்.

தெரியாமல் வாங்கினால்தான் வயிறெரியும். பல வருஷம் முன்பு ஓர் இணைய ஏலத்தில் மூன்றாம் வாலன்டினியன் ஒன்று எடுத்தேன். படத்தில் குறை ஒன்றும் இல்லை. வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். பட்டத்துக்கு மேலே, பச்சைப் பட்டாணியில் பாதி அளவுக்கு ஒரு வட்டம், பக்கத்துத் தங்கத்தைவிடக் கொஞ்சம் சிவப்பாக. ஓட்டையை அடைத்து, அதன் மேல் போயிருந்த எழுத்தை உளியால் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு எழுத்து மட்டும் மற்றதைவிடத் தடிமன். விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து சாய்த்து எடுத்த படம் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

கீறல் வேறு விஷயம். வெற்று இடத்தில் ஊசியால் யாரோ எழுத்தோ குறியோ கீறியிருப்பார்கள். பெரும்பாலும் அந்தக் காலத்துக் கைதான். விலை குறையும், எனக்குப் பிடிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எந்த அரசரை வாங்கலாம்? எது எட்டாக்கனி?

அர்க்காடியஸ், ஹொனோரியஸ், இரண்டாம் தியோடோசியஸ், லியோ, ஸீனோ, அனஸ்தாசியஸ். இவர்கள் நீண்ட காலம் ஆண்டவர்கள் அல்லது நிறைய அடித்தவர்கள். சாதாரண நிலையில் இருக்கும் காசு தங்கத்தின் மதிப்புக்கு மேலே கொஞ்சம் விலையில் கிடைக்கும். எழுத்து முழுசாக, முகம் தேயாமல் இருந்தால் ஏறும். பட்ஜெட் சின்னதென்றால் ட்ரெமிஸிஸ்.

இரண்டாம் தியோடோசியஸின் ஒரு வகை மட்டும் அளவுக்கு மீறிக் கிடைக்கும். பின்னால் 'ஐ எம் பி' என்றெழுதி நான்கு 'எக்ஸ்', இரண்டு 'ஐ', அதாவது 42. நகரத் தேவதை அரியணையில், கால் கப்பல் முகப்பின் மேல். 440களில் அடித்தது. அந்த வருஷங்களில்தான் ஹூணர் தலைவன் அட்டிலா பேரரசின் கழுத்தில் கத்தி வைத்தான். பாக்கி 6,000 பவுண்டு தங்கம், அது போக வருஷத்துக்கு 2,100 பவுண்டு. மேலே சொன்ன 72 ஆல் பெருக்கிப் பாருங்கள்: பாக்கிக்கு மட்டும் 4,32,000 காசு. இரவு பகலாகச் சுத்தியல் விழுந்திருக்கும். மலிவாகக் கையில் வரும் அந்தக் காசு ஹூணர்களுக்குக் கட்டிய கப்பத்துக்காக அடித்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எட்டாதவை மேற்கின் சில மாத அரசர்கள்: பெட்ரோனியஸ் மாக்ஸிமஸ், ஒலிப்ரியஸ், கிளிசேரியஸ், கடைசியாக அரியணையில் இருந்த சிறுவன் ரோமுலஸ். அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 450 இல் கிழக்குப் பேரரசர் மார்சியன், புல்கேரியா திருமணத்துக்கு அடித்தது, மணமக்களுக்கு நடுவே கிறிஸ்து நிற்பார். கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தைத் தங்கத்தில் போட்ட மாதிரி.

எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக இருக்கிற ஒன்று வந்தது. போலிதானே?

அவசரப்படாதீர்கள். கோத்தியர், பர்கண்டியர் போன்றவர்கள் தங்கள் நாட்டில் காசு அடித்தபோது தங்கள் பெயரைப் போடவில்லை. ரோமப் பேரரசர் பெயரையே போட்டார்கள், அதற்குத்தான் சந்தையில் மதிப்பு. அச்சு வெட்டியவருக்கு லத்தீன் தெரியாதபோது எழுத்து கோலமாகிவிடும், தேவதை குச்சி பொம்மையாகிவிடும். இவை அந்தக் காலத்து அசல், சில வகைகள் ரோமக் காசைவிட விலை அதிகம். 458 இல் மேற்குப் பேரரசர் மஜோரியன், நல்ல எடையுள்ள எந்தச் சாலிடஸையும் வரி வாங்குகிறவர் மறுக்கக் கூடாது, 'கால்' என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியின் காசு மட்டும் விலக்கு, அதன் தங்கம் மட்டம் என்று சட்டமே போட்டார். அதனால் இங்கே 98 சதவீதக் கணக்கு செல்லாது.

எடை 4.1 கிராம்தான் இருக்கிறது. ஓரத்தை வெட்டியிருப்பார்களா?

ஓரம் வெட்டுவது நடந்தது, பிடிபட்டால் மரண தண்டனை என்று கான்ஸ்டன்டைன் காலத்துச் சட்டம் இருந்தது. வெட்டியிருந்தால் வெளிவட்டப் புள்ளிகள் காணாமல் போயிருக்கும், எழுத்தின் தலை அறுந்திருக்கும். வட்டம் முழுசாக இருந்தும் எடை குறைந்தால் யாருடைய காசு என்று பாருங்கள். ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியனிலிருந்து 24 கேரோப் விதைக்குப் பதில் 22, 20 விதை எடையில் வேண்டுமென்றே அடித்த காசுகள் உண்டு; கீழ் எழுத்தில் 'ஓ பி'க்குப் பின் இரண்டு 'எக்ஸ்' போன்ற குறி இருக்கும். குறியும் இல்லை, வெட்டும் இல்லை, எடையும் இல்லை என்றால் போலிக் கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

சங்க இலக்கியத்தில் யவனர் பொன் கொண்டுவந்தார்கள் என்று வருகிறதே, அது இந்தக் காசுதானே?

இல்லை. அகநானூறு சொல்லும் பொன்னும் மிளகும் முந்தைய காலத்து வணிகம். அதன் சாட்சி அவுரியஸ். 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 காசு ஒரே குவியலாகக் கிடைத்தன, பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தில் உளியால் வெட்டு. சாலிடஸ் அதற்கு முன்னூறு வருஷம் பின்னால் வந்தது. தமிழ்நாட்டில் பிற்கால ரோமக் காசு என்றால் பெரும்பாலும் செப்புதான், கரூர், மதுரை ஆற்று மணலில் வருவது. சாலிடஸ் தெற்கே வந்திருக்கிறது. கர்நாடகத்தின் அக்கி ஆலூர்ப் புதையல் அதற்கு உதாரணம்.

இலங்கையை வைத்து ஒரு கதை இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியக்காரர் எழுதி வைத்தது. சோபாத்ரஸ் என்ற வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசன் முன் நிற்கிறார்கள். உங்கள் இருவர் அரசரில் யார் பெரியவர் என்று அரசன் கேட்க, பாரசீகர் தம் அரசரே என்று அளக்கிறார். சோபாத்ரஸ் பேசவில்லை. இரண்டு பேர் காசையும் எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். ஒன்று சாலிடஸ், மற்றது வெள்ளி. அரசன் சோபாத்ரஸை யானை மேல் ஏற்றி மேளத்தோடு ஊர்வலம் விட்டானாம். சொன்னவர் ரோமப் பக்கத்து ஆள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தால் நமக்குத்தானே சொந்தம்?

இந்தியாவில் 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இலங்கையில் 1940 ஆம் ஆண்டுச் சட்டப்படி கண்டெடுத்தது அரசுக்குச் சொந்தம்.

இங்கிலாந்தில் கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் சொல்ல வேண்டும், அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலையைக் கொடுக்கும். 1992 இல் ஹாக்ஸ்னே கிராமத்தில் ஒருவர் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடி உலோகம் காட்டும் கருவியோடு போய், 569 சாலிடஸும் 14,000க்கு மேல் வெள்ளிக் காசும் கண்டுபிடித்தார். மேலும் தோண்டிக் குலைக்காமல் உடனே தகவல் சொன்னதால், எந்தப் பொருள் எதற்குள் இருந்தது என்பது வரைக்கும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கும்போது பழைய ஏலச் சீட்டு, முந்தைய உரிமையாளர் விவரம் இருக்கிற காசையே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். காகிதம் இல்லாத காசு எங்கேயோ யாரோ ராத்திரியில் தோண்டியது.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மார்க் போட்டது வாங்கினால் பயமில்லையா?

பயம் குறையும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் அடிப்பு ஐந்துக்கு எவ்வளவு, மேற்பரப்பு ஐந்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக மார்க் போடுவார்கள். ஆனால் மார்க்குக்குப் பணம் கொடுக்காதீர்கள், காசுக்குக் கொடுங்கள். விளிம்பை முழுசாகப் பார்க்க முடியாது என்பது எனக்கு மனத்தாங்கல்.

அழுக்காக இருந்தால் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளைக் குத்துவிளக்கு இல்லை ஐயா இது. புளி, பற்பசை, பூந்திக்கொட்டை எதுவும் வேண்டாம். சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும், துணி பட்டாலே கோடு விழும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுத்தால் போதும். இடுக்கில் ஒட்டிய செம்மண்ணை விட்டுவிடுங்கள். அது இருந்தால் விலை கூடும்.

476 இல் ரோம் விழுந்துவிட்டதே. அதற்குப் பிறகு அடித்தது ரோமக் காசு ஆகுமா?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒரு காசுதான். மேற்கின் கடைசி அரசர் ரோமுலஸை இறக்கிவிட்டு இத்தாலியைப் பிடித்த ஜெர்மானியத் தளபதி ஒடோவாகர் தன் பெயரில் சாலிடஸ் அடிக்கவில்லை. மிலானிலும் ராவென்னாவிலும் அதே அக்கசாலைகளில் கிழக்குப் பேரரசர் ஸீனோ பெயரில் அடித்தார். அதை வாங்கிய தானிய வியாபாரிக்கு எதுவும் விழுந்ததாகத் தெரிந்திருக்காது. கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தவர்களோ தங்களைக் கடைசி வரை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 72 க்கு ஒன்று என்ற எடை அங்கே பதினோராம் நூற்றாண்டு வரை ஓடியது. நான்காம் மைக்கேல் காலத்தில் வெள்ளி கலக்க ஆரம்பித்து, ஐம்பது வருஷத்துக்குள் 24 காரட் 8 காரட்டுக்கு இறங்கியது.

வீட்டில் என் சேகரிப்புத் தட்டில் ஸீனோவோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் இல்லை. தட்டில் இருப்பது பன்னிரண்டு குழிதான்.